நோன்பும் இசைவும்: ஆசீர்வாதப்பர் ஒழுங்குநூலின் 49ஆம் அதிகாரம்

புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) ஆறாம் நூற்றாண்டில் எழுதிய ஒழுங்குநூலில் தவக்காலத்துக்கான 49ஆம் அதிகாரம் பத்தே வசனங்கள் கொண்டது. முதல் ஏழும், துறவி ஒவ்வொருவனும் உணவு, பானம், உறக்கம், பேச்சு, கேலி ஆகியவற்றில் எதையேனும் தானே விரும்பிக் குறைத்து, மகிழ்ச்சியோடு இறைவனுக்குக் காணிக்கையாக்குவதில் போய் முடிகின்றன. எஞ்சிய மூன்றும் அதை மடத்தலைவரிடம் சொல்லி, அவர் செபத்தோடும் இசைவோடும் செய்யுமாறு பணிக்கின்றன. இசைவின்றிச் செய்தது துணிச்சலாகவும் வீண்பெருமையாகவும் எண்ணப்படும். முன்னே கொடுத்த உரிமையைப் பின்னே பறிக்கும் நிர்வாக விதி என்றே இம்மூன்றையும் ஒரு சாரார் விளக்கிவந்துள்ளனர். அந்த விளக்கம் நிற்காது என்பது என் கருத்து.

ஆசீர்வாதப்பருக்கு மூலமாக இருந்ததென இன்று பெரும்பாலோர் ஏற்கும் ‘ஆசிரியரின் ஒழுங்குநூல்’ 51 முதல் 53 வரையான அதிகாரங்களில் தவக்காலச் செபங்களுக்கு நேரமும் உணவுக்கு அளவும் வகுத்துத் தருகிறது. அந்த விரிவான பட்டியலை ஆசீர்வாதப்பர் கைவிடுகிறார். கைவிட்டதும் ஒரு சிக்கல் எழுகிறது. தாழ்ச்சியின் எட்டாம் படியாக 7ஆம் அதிகாரத்தில் அவரே வைத்திருப்பது இது: மடத்தின் பொது ஒழுங்கும் மூத்தோர் முன்மாதிரியும் காட்டாத எதையும் துறவி செய்யலாகாது. அப்படியானால் பொது அளவுக்கு மேல் தானாக நோன்பைக் கூட்டுகிறவன் அந்தப் படியிலிருந்து இறங்கிவிடுகிறான். அவனை அங்கேயே நிறுத்துபவை இக்கடைசி மூன்று வசனங்கள்தாம். அவை இல்லாமல் முதல் ஏழை ஆசீர்வாதப்பர் எழுதியிருக்க முடியாது.

கட்டுப்படுத்துவதுதான் நோக்கமென்றால் தண்டனை எங்கே? மடத்தலைவரின் ஆணையின்றி எவ்வளவு சிறிய செயலைச் செய்தாலும் தண்டனை உண்டு என்கிறது 67ஆம் அதிகாரம். 49இலோ கைம்மாறு இல்லை என்பதோடு சரி. நூல் சொல்லாததை வைத்து வாதிடுவதில் ஆபத்து உண்டு, மறுக்கவில்லை. ஆனால் முந்தைய அதிகாரத்தைப் பாருங்கள். தவக்காலத்தில் ஆளுக்கொரு நூல் கொடுத்து முழுதாகப் படிக்கச் சொன்ன கையோடு, வாசிப்பு வேளையில் மூத்தோர் சுற்றிவந்து சோம்பியிருப்பவனைக் கண்டுபிடிக்கவும், இருமுறை கடிந்தும் திருந்தாவிட்டால் தண்டிக்கவும் அங்கே விதி இருக்கிறது. அதை எழுதிய கை அடுத்த அதிகாரத்தில் தண்டனையை மறந்துபோயிற்று என்று நம்புவது கடினம். மடத்தலைவரின் இசைவுக்கு முன்பாக அவருடைய செபம் சொல்லப்படுவதையும் அச்சாரார் பொருட்படுத்துவதில்லை. நோன்பை அனுமதிப்பவர் அதற்காகச் செபிக்கவும் கடமைப்பட்டவர். வெறும் மேற்பார்வையாளருக்கு அந்தக் கடமை ஏது?

மடத்தலைவர்கள் இந்த அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியிருக்கலாமே என்பார்கள். அது மடங்களின் வரலாற்றுக்கு உரிய கேள்வி. இந்த வசனங்களின் பொருளை அது தீர்மானிக்காது.

பழைய விளக்கம் இன்னும் செல்வாக்கோடு இருப்பதற்கு நம் காலத்து வகைப்பாடும் ஒரு காரணமாகலாம். ரிச்சர்ட் ஃபாஸ்டர் 1978இல் வெளியிட்ட ‘செலிப்ரேஷன் ஆஃப் டிசிப்ளின்’ நோன்பை அகப் பயிற்சிகளிலும் வழிகாட்டுதலைக் கூட்டுப் பயிற்சிகளிலும் வைக்கிறது. பாடம் நடத்த வசதியான பிரிவு. 49ஆம் அதிகாரத்திலோ நோன்பிருப்பதும் அதை இன்னொருவரிடம் ஒப்புவிப்பதும் ஒரே செயல். அந்தப் பிரிவை ஆசீர்வாதப்பர்மேல் ஏற்றிப் படிப்பதை ஆய்வாளர்கள் கைவிட வேண்டும்.