லேக் வியூ ரோட்டில் லேக் எங்கே?

இன்னைக்கு எபிசோடை மேற்கு மாம்பலத்துல ஒரு தெருப் பலகையிலிருந்து ஆரம்பிக்கலாம். 'லேக் வியூ ரோடு'. அங்க நின்னு எந்தப் பக்கம் திரும்பினாலும் அடுக்குமாடிதான் தெரியும். நுங்கம்பாக்கத்துல 'டேங்க் பண்ட் ரோடு' இருக்கு. பண்ட்னா ஏரிக்கரை. கரை இப்போ பேர்ல மட்டும்தான்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சான மதராஸ் வரைபடங்களைப் பாருங்க. மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை வளைந்து கிடக்கும் நீர்ப்பரப்பு தெரியும். ஆங்கிலேயர்கள் வைத்த பெயர் லாங் டேங்க், நீண்ட ஏரி. 1920களில் நகரத்துக்கு வீட்டுமனை தேவைப்பட்டது. ஏரித் தண்ணீரை வடித்து, 1923 முதல் தியாகராய நகரை உருவாக்கினார்கள். தீபாவளிக்கு நாம துணி எடுக்கப் போற அதே டி.நகர்தான். வள்ளுவர் கோட்டம் நிற்பதும் ஏரிப் படுகையில்தான்.

இந்தப் பழைய வரைபடத்தை இன்றைய செயற்கைக்கோள் படத்தோடு பொருத்த முடியுமா? முடியும். ஜியோரெஃபரன்சிங்னு சொல்வாங்க. ரெண்டு படத்துலயும் இடம் மாறாத புள்ளிகளைத் தேடணும்: ஒரு கோயில், ஒரு சர்ச், ஒரு பாலம். அந்த இடங்கள்ல குறி வெச்சா, சாஃப்ட்வேர் பழைய காகிதத்தை இழுத்து, நீட்டி, புதுப் படத்து மேல உட்கார வைக்கும். நான் முதல் தடவை செஞ்சப்போ என் வாடகை வீடு சரியா ஏரிக்குள்ள விழுந்துச்சு. ஹவுஸ் ஓனர்கிட்ட காட்டினேன். "அதான் நம்ம போர்ல தண்ணி வத்துறதே இல்ல"ன்னார்!

அடுக்கிப் பார்க்கும் இந்த யோசனை பரவியதற்கு ஒரு புத்தகமும் காரணம். 1969இல் இயன் மெக்ஹார்க் எழுதிய 'டிசைன் வித் நேச்சர்'. மண், சரிவு, நீர் என ஒவ்வொன்றையும் தனித்தனி ஒளி ஊடுருவும் தாளில் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்பது கண்ணுக்கே தெரியும். அதே 1960களில் கனடாவின் நிலவளத்தைக் கணக்கெடுக்க, ராஜர் டாம்லின்சன் இதைக் கணினிக்குள் கொண்டுபோனார். ஜி.ஐ.எஸ். பிறந்த கதை அது. நம்ம ஊரும் அளக்கிறதுல ஒண்ணும் லேட் இல்ல. மதராஸில் சர்வே பள்ளி தொடங்கியது 1794இல். லாம்டன் பரங்கிமலைப் பக்கத்தில் அடிக்கோடு அளந்தது 1802இல்.

ஆனா அளந்தா மட்டும் போதுமா? அளந்த நிலத்துக்கு என்ன பேர் எழுதுறாங்கங்கிறதுதான் விஷயம். பள்ளிக்கரணையைத் தமிழில் கழுவெளி என்போம். மழைநீரை வாங்கி, மெதுவாகக் கடலுக்கு விடும் பூமி. அரசுக் காகிதங்களில் அது வெகுகாலம் தரிசு. பயிரும் இல்ல, வரியும் இல்ல, அதனால தரிசு! தரிசுன்னா குப்பை கொட்டலாம், ரோடு போடலாம், ஐ.டி. பார்க் கட்டலாம். 1960களில் சுமார் 50 சதுர கிலோமீட்டர் இருந்த சதுப்பு, பத்தில் ஒரு பங்குபோலச் சுருங்கியது. 2007இல் 317 ஹெக்டேர் காப்புக்காடானது. 2022இல் சுமார் 1,248 ஹெக்டேர் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. செயற்கைக்கோள் படத்துல அது எப்பவுமே ஈரமாத்தான் தெரிஞ்சுது. அட்டவணையில அந்த ஒரு வார்த்தையை மாத்தத்தான் இத்தனை வருஷம் ஆச்சு.

2015 டிசம்பர் வெள்ளம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதுக்கப்புறம் 'ஆக்கிரமிப்பு' லேயரில் முதலில் பளிச்சிட்டவை ஆற்றங்கரைக் குடிசைகள். அங்கிருந்த பல குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு மாற்றினார்கள். பெரும்பாக்கம் எங்க இருக்கு? பழைய மேப்பைத் திறந்து, தெற்கே நகர்த்திப் பாருங்க. பள்ளிக்கரணைக் கழுவெளியை ஒட்டி. மழைக்காலத்துல அங்கேயும் தண்ணி நிக்குது.

அடுத்த எபிசோட்ல அங்கதான் போறோம்.