தாய்வழி வந்த தளை

யாழ்ப்பாணத்து மக்களின் வழக்கங்களை ஒல்லாந்த ஆளுநர் கொர்னேலிஸ் யோவான் சீமோன்ஸின் ஆணைப்படி திசாவை (நிர்வாகத் தலைவர்) கிளாஸ் ஐசாக்ஸ் திரட்டி, உள்ளூர்த் தலைவர்களாகிய பன்னிரண்டு முதலிமார் சரிபார்த்து ஒப்பிய பின், 1707ஆம் ஆண்டில் சட்டமாக நிலைபெற்ற தொகுப்பே தேசவழமை ஆகும். இன்று சொத்துரிமைச் சட்டமாக மட்டுமே பேசப்படும் அத்தொகுப்பில், கோவியர், நளவர், பள்ளர் முதலிய சமூகத்தாரை அடிமைகளாகக் குறித்து, அவர்கள்மீது உடைமையாளருக்கு இருந்த உரிமைகளை வகுத்துரைக்கும் பகுதியும் உண்டு.

அப்பகுதியில் பெண்களின் வாழ்வைப் பெரிதும் தீர்மானித்த விதி, ஒருவருடைய அடிமை ஆண் வேறொருவருடைய அடிமைப் பெண்ணை மணந்தால் அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள் தாயின் உடைமையாளரையே சேர்வர் என்பதாகும். தந்தை எவராயினும் தாயின் நிலையே பிள்ளையின் நிலையாக இருந்தமையால், அடிமைப் பெண்ணின் ஒவ்வொரு பேறும் உடைமையாளர் வீட்டின் செல்வத்தைப் பெருக்கியது. மகளை மணம் செய்து கொடுக்கும்போது பெற்றோர் வழங்கும் சொத்தாகிய சீதனத்தில் காணியோடும் நகையோடும் அடிமைகளும் சேர்க்கப்பட்டனர். அச்சீதனம் தாயிடமிருந்து மகளுக்கு இறங்குவதே தேசவழமையின் முறை. ஆகவே ஒரே வீட்டின் முற்றத்தில் ஒரு தாயிடமிருந்து அவள் மகளுக்குச் சொத்து இறங்க, மற்றொரு தாயிடமிருந்து அவள் மகளுக்கு அடிமைத்தனம் இறங்கியது. பெண்ணுரிமைக்குச் சான்றாகத் தேசவழமையின் சீதன முறையைப் போற்றுவோர் இந்த இரண்டாம் மகளையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆங்கிலேயர் ஆட்சியில், தலைமை நீதியரசர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்டனின் முயற்சியால், 1816 ஆகஸ்ட் 12 முதல் தம் அடிமைகளுக்குப் பிறக்கும் பிள்ளைகளைச் சுதந்திரராகக் கொள்ள உடைமையாளர் பலர் உடன்பட்டனர். 1818ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி அவ்வுடன்பாட்டுக்குச் சட்டவலு அளித்து, அடிமைகள் அனைவரையும் பதிவு செய்யப் பணித்ததுடன், ஓர் அடிமையைப் பலர் பங்குபங்காக உடைமை கொள்ளும் கூட்டுரிமையையும் ஒழித்தது. ஒரு மனித உயிரைப் பின்னக் கணக்கில் பிரித்து வைத்திருந்த கொடுமை எவ்வளவு வேரோடியிருந்தது என்பதற்கு, அதை ஒழிக்கத் தனியே விதி வகுக்க நேர்ந்ததே சான்று.

உடன்பாடு எல்லா உடைமையாளரையும் கட்டுப்படுத்தாமையால், 1821ஆம் ஆண்டில் அரசு மேலும் ஒரு வழியைக் கைக்கொண்டது. கோவிய, நளவ, பள்ளப் பெண்களுக்குப் பிறக்கும் பெண் குழந்தைகளின் விடுதலையை, குழந்தைக்கு இரண்டு மூன்று ரிக்ஸ் டாலர் என்னும் அற்ப விலையை உடைமையாளருக்குக் கொடுத்து அரசே வாங்கியது. அடிமைத்தனம் தாய்வழியே பரவியதால் மகளை மீட்டாலே அடுத்த தலைமுறை மீளும் என்பது அதன் கணக்கு. கணக்குப் பிழையன்று, ஆயினும் அந்தக் குழந்தையின் உடன்பிறந்த ஆண் அதில் சேரவில்லை, அவளைச் சுமந்து பெற்றவளும் சேரவில்லை. 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இலங்கையில் அடிமைமுறையை முற்றாக நீக்கியபோது, 1821இல் விலை கொடுத்து மீட்கப்பட்ட மகளுக்கு வயது 23. இடையில் வேறு வழியில் மீளாத அவள் தாய் சட்டத்தின் முன் சுதந்திரம் பெற்றது அந்த ஆண்டில்தான்.