இட்டேரிக்கும் சாலைக்கும் ஒரே சக்கரம்

கொங்கு நாட்டில், கிளுவை வேலி இரு மருங்கும் அடர்ந்து நிற்க, ஒரு வண்டி மட்டுமே போகத்தக்க அகலத்தில், தோட்டங்களுக்கும் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களுக்கும் நடுவே வளைந்து வளைந்து செல்லும் வழிக்கு இட்டேரி என்று பெயர். மழைக் காலத்தில் ஓடையாகவும் கோடையில் கணுக்கால் ஆழப் புழுதியாகவும் மாறிவிடும் இந்த வழியில் புறப்பட்ட பருத்தி வண்டி, ஊர் எல்லையைத் தாண்டியதும் கப்பிச் சாலையில் ஏறித்தான் திருப்பூருக்கு வந்து சேர்ந்தாக வேண்டும் என்பதால், மண்ணுக்கும் கல்லுக்கும் ஒருங்கே பொருந்தும் சக்கரம் எது என்ற வினா, மோட்டார் வாகனம் என்ற ஒன்றை இப்பிரதேசம் கண்ணால் காண்பதற்கு முன்பே இங்கே எழுந்துவிட்டது. இன்று புது ஜீப்பு வாங்கிய ஒருவர் டயர்க் கடையில் நின்று, 'ஏ.டி. போடலாமா, எம்.டி. போடலாமா' என்று, அதாவது எல்லாத் தரைக்குமான டயரா, சேற்றுக்கென்றே ஆன டயரா என்று, விசாரிப்பதும் அந்தப் பழைய வினாவைத்தான்.

பழைய கட்டை வண்டியின் சக்கரத்தைச் சாமானியமாக எண்ணிவிடலாகாது. நாலரை அடி முதல் ஐந்தடி வரை உயரம். நடுவில் குடம், அதிலிருந்து கிளம்பும் ஆரக்கால்கள், அவற்றைத் தாங்கும் வட்டைகள், இவை அனைத்தையும் இறுக்கிப் பிடிக்க ஒன்றரை அல்லது இரண்டு அங்குல அகலமே உள்ள ஓர் இரும்புப் பட்டை. வரட்டியை அடுக்கி நெருப்பு மூட்டி, பட்டை செந்நிறமாகக் காய்ந்து விரிந்த தருணத்தில் அதைக் குறட்டால் தூக்கி வட்டையின்மேல் பொருத்தி, மரம் எரியத் தொடங்குமுன் தண்ணீரை ஊற்றிச் சுருங்கச் செய்யும் வேலையில், தச்சரும் கொல்லரும் ஒரு கணம் தவறினாலும் சக்கரம் வீணாகிவிடும். அச்சுக்கு எண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்த வண்டி மை. இந்தச் சக்கரத்தின் உயரமும் அகலக் குறைவும் இட்டேரிக்கென்றே அமைந்த குணங்கள். உயரமான சக்கரம் குழியில் விழாமல் அதன் விளிம்பிலிருந்து விளிம்புக்குத் தாவிக் கடக்கும். குறுகிய பட்டையோ, பல்லடம், உடுமலைப் பக்கத்துக் கரிசல் சேற்றைக் கிழித்துக்கொண்டு அடியிலுள்ள கெட்டித் தரையைத் தொட்டு நிற்கும். சேற்றில் ஓட்டுவதற்கு அகலமான டயரைவிட ஒல்லியான, உயரமான டயரே மேல் என்று இக்காலத்து ஜீப்புக்காரர்களில் ஒரு சாரார் வாதிடுகிறார்கள் அல்லவா, அந்த வாதத்தின் நியாயம் முழுவதும் கட்டை வண்டியில் அடங்கியிருந்தது.

1862-இல் சென்னையை மேற்குக் கடற்கரையோடு இணைத்த ரயில் பாதை திருப்பூர் வழியாகச் சென்றதும், இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் கம்போடியாப் பருத்தி கோயமுத்தூர் ஜில்லாவின் கிணற்றுத் தோட்டங்களில் பரவியதும், இவ்வூரைப் பஞ்சு வியாபாரத்தின் மத்திய ஸ்தலமாக்கின. அரைவை ஆலைகள் பெருகின; பனியன் தொழிலும் 1925-ஆம் ஆண்டை ஒட்டி இங்கே வேர் ஊன்றியது; அகில பாரதச் சர்க்கா சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை இங்கிருந்து இயங்கியமையால், கிராமங்களில் நெய்த கதர் மூட்டைகளும் வண்டி ஏறி வந்தன. ஆக, தோட்டத்திலேயே உழன்றுகொண்டிருந்த சக்கரம் வருஷந்தோறும் மேலும் மேலும் அதிக தூரம் சாலையில் உருள வேண்டியதாயிற்று. விவகாரம் அங்கேதான் ஆரம்பம்.

சாலைப் பொறியாளர்கள் இரும்புப் பட்டைச் சக்கரத்தைச் சாலையின் சத்துரு என்றே கருதினர். அவர்கள் சொன்னதில் உண்மை இல்லாமலில்லை. ஒரு டன்னை ஒட்டிய சுமை இரண்டே சக்கரங்களின் வழியாக, ஓரிரு அங்குல அகலமுள்ள இரும்பின்மேல் இறங்கும்போது, அடியில் கிடக்கும் ஜல்லி நொறுங்காமல் என்ன செய்யும்? ஒரே தடத்தில் நூறு வண்டிகள் போனால் அந்தத் தடம் வாய்க்காலாகும். இங்கிலாந்திலும் இந்தத் தொல்லை இருந்தது. சுமை வண்டிச் சக்கரங்கள் ஒன்பது அங்குல அகலத்துக்குக் குறையலாகாதென்று அங்கே 1753-இல் சட்டமே செய்து பார்த்தார்கள். எனினும் இவ்விஷயத்தில் கட்டை வண்டிக்காரன் தலையில் மட்டும் பழியைச் சுமத்தியது அநியாயம் என்பது என் அபிப்பிராயம். ஸ்காட்லாந்துக்காரரான மக்காடம் வகுத்த முறையில் போட்ட கப்பிச் சாலை, இரும்புச் சக்கரத்தை எதிர்பார்த்தே அமைந்த சாலை. சக்கரம் அரைத்த கல்தூள் ஜல்லியின் இடுக்குகளில் இறங்கி, மழைநீரோடு சேர்ந்து இறுகி, சாலையைப் பிணைத்து நிறுத்தியது. மோட்டார் வந்த பிறகு, அதன் வேகமான ரப்பர்ச் சக்கரம் அந்தத் தூளையே உறிஞ்சி எடுத்துக் காற்றில் பறக்கவிட்டது. இரும்பு நொறுக்க, ரப்பர் உறிஞ்ச, இரண்டுக்கும் நடுவில் கப்பிச் சாலை பாழாயிற்று. தார் ஊற்ற வேண்டிய நிர்ப்பந்தம் உலகமெங்கும் நேர்ந்ததற்கு இதுவே காரணம். கொங்கு நாட்டில் ஜி. டி. நாயுடு 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பஸ்ஸை ஓட்டத் தொடங்கியபோது, அந்தப் பஸ்ஸும் கட்டை வண்டியும் ஒரே சாலையைப் பங்கிட்டுக்கொண்டு, ஒன்றையொன்று சபித்துக்கொண்டு போயிருக்கும் என்று நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

மாட்டின் கால் விஷயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். காங்கேயம் காளை, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலங்காயும் தின்று கொறங்காட்டில் வளர்வது. உழவுக்கும் கிணற்றில் கவலை இறைப்புக்கும் மட்டும் பழகிய காளைக்கு லாடம் தேவைப்படுவதில்லை. கப்பிச் சாலையில் பாரம் இழுக்கும் காளைக்கோ லாடம் இல்லாவிட்டால் குளம்பு தேய்ந்து நொண்டிவிடும். ஆகவே வண்டி மாட்டுக்கு லாடம் அடிப்பதும், சாலையில் ஓடும் நாள் அதிகமானால் லாடத்தை அடிக்கடி மாற்றுவதும் வழக்கமாயின. சக்கரத்தில் பரிகாரம் காண்பதற்கு வெகு காலம் முன்பே, குளம்பில் பரிகாரம் கண்டுவிட்டான் நம் குடியானவன்.

காற்றடைத்த டயருக்கு ஸ்காட்லாந்துக்காரரான தாம்ஸன் 1845-லேயே உரிமை பெற்றிருந்தும், உலகம் அதை மறந்துவிட, பெல்பாஸ்ட் நகரத்தில் மிருக வைத்தியராக இருந்த டன்லப் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்காக 1888-இல் அதை மறுபடியும் கண்டெடுத்தார். அவர் பெயர் தாங்கிய கம்பெனி வங்காளத்தில் ஸாகாகஞ்ச் என்னுமிடத்தில் டயர்த் தொழிற்சாலையைத் தொடங்கியது 1936-இல். சென்னை மாகாணத்தின் வியாபாரப் பயிர்கள் மார்க்கெட் சட்டத்தின்கீழ், பருத்திக்கான முதல் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் திருப்பூரில் அமைந்ததும் அதே 1936-இல்தான். இரண்டுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. ஆயினும் பிற்காலத்தில் அந்த மார்க்கெட் வாசலில் வந்து நின்ற டயர் வண்டியில் இரண்டும் சந்தித்துக்கொண்டன.

டயர் வண்டியின் சௌகரியம் கண்கூடானது. அச்சில் பேரிங், சக்கரத்தில் காற்று. ஒரு டன்னோடு திணறிய அதே ஜோடி மாடு, நல்ல சாலையில் இரண்டு டன்னை இழுத்துச் சென்றது. சாலை நொறுங்கவில்லை, மூட்டை குலுங்கவில்லை, வண்டியோட்டியின் இடுப்பும் பிழைத்தது. மணலிலும் புழுதியிலும்கூட, அகலமாகத் தரையில் பதிந்து நிற்கும் ரப்பர், இரும்பைப்போல் உள்ளே புதைவதில்லை. இவ்வளவு நன்மைகள் இருந்தும் டயர் வண்டி ஒரே நாளில் கட்டை வண்டியை விரட்டிவிடவில்லை என்பதைத்தான் நாம் ஆழ்ந்து கவனிக்க வேண்டும்.

முதற் காரணம் முள். கொறங்காட்டைக் காப்பது கிளுவை முள். நிழல் தருவது வெள்வேல முள். அடுப்பெரிப்பது கருவேல முள். போதாததற்குச் சீமைக்கருவேலமும் வந்து சேர்ந்துகொண்டது. வேலி அடைக்க வெட்டிய முள் வாரக்கணக்கில் இட்டேரியில் கிடக்கும். இரும்புப் பட்டை அதை மிதித்து அரைத்துவிட்டுப் போகும். காற்றடைத்த டயரோ நடுக்காட்டில் பஞ்சராகி உட்கார்ந்துவிடும். அங்கே ஒட்டுப் போட ஆள் ஏது? இரண்டாவது காரணம் உயரம். லாரிச் சக்கரத்தின் அளவே உள்ள டயர்ச் சக்கரம், ஆழமான வண்டித் தடத்தில் இறங்கினால் அச்சு தரையில் இடிக்கும். கரிசல் சேற்றில் தேய்ந்த டயர் பக்கவாட்டில் வழுக்கும். மூன்றாவது பணம். உள்ளூர்த் தச்சரும் கொல்லரும் தானியத்துக்குச் செய்து கொடுத்த சக்கரத்தை விட்டு, ரொக்கம் கொடுத்துப் பட்டணத்துச் சரக்கை வாங்க எல்லோராலும் இயலுமா? 1942-இல் மலேயா ஜப்பானியர் வசமானதும் ரப்பர் பஞ்சம் வேறு வந்து, பஸ்களுக்கே டயர் கிடைக்காத காலமாயிற்று.

யுத்தத்திற்குப் பின் இந்தச் சங்கடங்களுக்கு நம்மவர்கள் கண்ட வழி சாமர்த்தியமானது. லாரியும் பஸ்ஸும் தேய்த்துக் கழித்த டயரையும் அச்சையும் மலிவாக வாங்கி வண்டியில் பூட்டினார்கள். தரையைப் பற்றும் பட்டன் தேய்ந்து வழவழப்பான அந்த டயர் மோட்டாருக்கு ஆபத்து. ஆனால் மாட்டு வண்டியில் சக்கரம் வண்டியை உந்துவதில்லை, மாடல்லவா இழுக்கிறது! தரையைப் பற்றுகிற வேலை குளம்புக்கு. சக்கரத்துக்கு உருளும் வேலை மட்டுமே. இந்த வேற்றுமையை நன்கு உணர்ந்தவனுக்கு, இன்றைய டயர் விவகாரத்தில் பாதி தெளிந்துவிடும். மண்டிக்கும் அரைவை ஆலைக்கும் ரயிலடிக்கும் நடுவே ஓயாது ஓடியவர்களுக்கு டயர் வண்டி. தோட்டத்து எருவுக்கும் சோளத்தட்டுக்கும் கட்டை வண்டி என்று, ஒரே வீட்டில் இரண்டு வண்டிகள் நின்றதும் உண்டு. பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநராக இருந்த என். எஸ். ராமஸ்வாமி, மாட்டு வண்டியைச் சீர்திருத்த வேண்டுமென்று 1970-களிலும் 80-களிலும் அயராது எழுதியும் பேசியும் வந்த காலத்திலும், நாட்டு வண்டிகளில் பெரும்பாலானவை இரும்புப் பட்டையோடுதான் ஓடின.

மாடு போய் எஞ்சின் வந்ததும் நிலைமை தலைகீழாயிற்று. இழுக்கும் கடமை, பற்றும் கடமை இரண்டும் சக்கரத்தின்மேல் விழுந்தன. அமெரிக்க ராணுவம் யுத்தத்தில் உபயோகித்த வில்லிஸ் ஜீப்புக்கு 6.00-16 அளவில் ஒரு தினுசு டயர். முன்னே போனாலும் பின்னே போனாலும் சேற்றை ஒரே விதமாகப் பற்றும்படி அதன் பட்டன்கள் குறுக்குச் சட்டங்களாக அமைந்திருக்கும். பின்னர் பம்பாயில் மகீந்திரா கம்பெனி இணைத்து விற்ற ஜீப்புகளிலும் அந்த மாதிரி டயர் நெடுங்காலம் தொடர்ந்தது. சேற்றில் அதன் வீரம் பெரிது. தார்ச் சாலையிலோ ஓயாத இரைச்சல், ஒழுங்கற்ற தேய்மானம், மழை நாளில் பிரேக் போட்டால் வழுக்கல். டிராக்டரின் சரித்திரம் இதைவிட ரசமானது. ஆதியில் அதன் சக்கரம் முளைகள் பொருத்திய இரும்பு. அதோடு சாலையில் ஏறினால் சாலை பாழாகும். அமெரிக்காவில் 1932-இல் அல்லிஸ்-சால்மர்ஸ் கம்பெனி தன் டிராக்டருக்குக் காற்றடைத்த டயர் போட்டபோதுதான், ஒரே இயந்திரம் வயலிலும் உழுது சாலையிலும் ஓடுவது சாத்தியமாயிற்று. நம் பக்கத்து டிராக்டரைப் பாருங்கள்: உழவுக்கென்று பின் சக்கரத்தில் அம்புக்குறி போன்ற கனத்த பட்டைகள், பாரம் சுமக்கும் டிரெய்லருக்கோ லாரியின் வரி டயர். எது பற்ற வேண்டுமோ அதற்கு ஒன்று, எது உருள வேண்டுமோ அதற்கு மற்றொன்று. தச்சர் காலத்து விவேகம் அங்கே இன்னும் ஜீவித்திருக்கிறது. ஆனால் உழவு குறைந்து, செங்கல்லும் மணலும் ஏற்றித் தாரிலேயே ஓடும் டிராக்டரில் அந்தப் பட்டைகள் வெகு சீக்கிரம் தேய்ந்துபோகின்றன என்பது டிராக்டர்க்காரர்கள் எல்லோரும் அறிந்த நஷ்டம்.

1990-களில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் தாகம் தீராமல், சுற்றுவட்டாரக் கிணற்றுத் தண்ணீரை விலைக்கு வாங்கி லாரிகளில் கொண்டுவந்த காலத்தில், வரலாறு பின்னோக்கி நடந்தது. அதுவரை இட்டேரி வண்டி சாலைக்கு வந்தது. அப்போது சாலை லாரி இட்டேரிக்குள் நுழைந்தது. வேலிகள் ஒதுங்கின, வழிகள் அகன்றன, பல இட்டேரிகள் ஜல்லியும் தாரும் பெற்றன. பழைய பொருளில் இட்டேரி என்று சொல்லத்தக்கவை இன்று திருப்பூரை ஒட்டிச் சொற்பமே.

ஆகவே இந்தப் பிரதேசத்தில் ஜீப்புக்கு டயர் தேர்ந்தெடுப்பவர், வாங்குமுன் தம் ஒரு மாத ஓட்டத்தை நேர்மையாகக் கணக்கிட்டுப் பார்க்கட்டும். பல்லடத்துக்கும் தாராபுரத்துக்கும் தாரில் ஓடி, வாரத்தில் ஒரு நாள் தோட்டத்துச் செம்மண்ணில் இறங்குகிறவருக்கு ஏ.டி. டயர் போதும், கம்பெனி குறித்த அளவைவிட அகலமாகப் போடுவதில் தோற்றப் பொலிவு தவிர வேறு லாபம் இல்லை. முள்ளுக்கும் கல்லுக்கும் பயந்தால், பட்டனின் ஆழத்தைவிடப் பக்கவாட்டின் கனத்தை விசாரித்து வாங்குவது மேல். புழுதியில் புதைந்தால் காற்றைக் கொஞ்சம் குறைத்து ஏறி வந்து, சாலையைத் தொடுமுன் மறுபடி நிரப்பிக்கொள்ள வேண்டும். கரிசலில் தினந்தோறும் உழல்கிறவருக்கும் மலைத் தோட்டக்காரருக்கும் எம்.டி. டயர் அவசியமே. மற்றவர்கள் அதைப் போட்டுக்கொண்டு அவிநாசி ரோட்டில் இரைந்துகொண்டு போவது பணத்துக்கும் காதுக்கும் கேடு. மழை நாளில் உயிருக்கும் கேடு.