நாமினி கட்டத்தில் யார் பெயர்?

வேலைக்குச் சேரும் நாளில் நீட்டப்படும் பி.எஃப். படிவம் 2-இல் நாமினிக்கு ஒரு கட்டம் உண்டு: பெயர், முகவரி, உறவு, பங்கு எவ்வளவு. தொழிலாளி இறந்தால் 1976-இல் வந்த காப்பீட்டுத் திட்டத்தின் தொகையும் அந்தப் பெயருக்கே போகும். தன் விருப்பத்தை எழுதும் இடம் என்றே பலரும் அதை நினைக்கிறார்கள். ஆனால் அது விருப்பத்துக்கும் உறவுக்கும் நடந்துவரும் பழைய இழுபறியின் இடம். 1874-ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துச் சட்டம், கணவன் தன் உயிர்மேல் மனைவி மக்களுக்காக எடுக்கும் பாலிசியை அவர்களுக்கான அறக்கட்டளையாக்கியது. கடன்காரன்கூட அதைத் தொட முடியாது. இந்துக்களுக்கு இது பொருந்துமா என்று வழக்கு எழ, பொருந்தும் என்றது சென்னை உயர் நீதிமன்றம். அதன் தடம் சட்டத்திலேயே இருக்கிறது. 1923-ஆம் ஆண்டுத் திருத்தம் மற்ற பகுதிகளுக்கு 1923 ஏப்ரல் 1-க்குப் பிந்தைய பாலிசிகளை ஏற்றது. சென்னைக்கு மட்டும் 1913 டிசம்பர் 31-க்குப் பிந்தையவற்றையே ஏற்றுக்கொண்டது. கூட்டுக்குடும்பச் சொத்தில் விதவைக்கு ஜீவனாம்சம் மட்டுமே இருந்த காலம் அது. பாலிசிப் பணம்தான் பங்காளிகள் கை வைக்க முடியாத பணம்.

1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு நாமினி முறையைக் கொண்டுவந்தது. நாமினிக்கே பணம் சொந்தமா? தலா 10,000 ரூபாய்க்கு இரண்டு பாலிசி; நாமினியான மனைவிக்கும் இறந்தவரின் தாய்க்கும் வழக்கு. 1983 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நாமினி பணத்தை வாங்கும் கை மட்டுமே, உரிமை வாரிசுகளுக்கே என்று தீர்த்தது. பெற்றோர், மனைவி அல்லது கணவர், பிள்ளைகள் நாமினியானால் உரிமையும் அவர்களுக்கே என்று 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் எழுதியது. அதன் பொருள் பற்றிய வழக்குகள் இன்னும் ஓயவில்லை.

பி.எஃப். திட்டமோ 1952-லேயே வேலி போட்டுவிட்டது: குடும்பம் உள்ளவர் குடும்பத்துக்கு வெளியே யாரையும் எழுத முடியாது. உழைத்தவன் பணத்துக்கு வேலி எதற்கு என்று கேட்கலாம். சேமிப்பைப் பொறுத்தவரை அந்தக் கேள்வி நியாயமே. 1976-ஆம் ஆண்டுக் காப்பீட்டுக்கு அது ஒட்டாது. அதற்காகத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்தமே கிடையாது, முதலாளிதான் கட்டுகிறார். அதன் நோக்கமே சம்பாதித்தவரை இழந்த வீடு. எனவே வேலி தவறில்லை. வேலியை எங்கே நட்டார்கள் என்பதில்தான் தவறு. நாமினி இல்லாதபோது குடும்பத்தாருக்குச் சமமாகப் பங்கிடும் விதி, வயதுவந்த மகனைத் தள்ளியது. கணவன் உயிரோடிருக்கும் மகளையும் தள்ளியது, அவள் வயது என்னவாக இருந்தாலும்.