பரம்பரைத் தசைச்சிதைவு நோய்கள் (குழந்தைகள்)

மரபணுக் கோளாறால் தசையோ, தசையை இயக்கும் நரம்போ படிப்படியாக வலுவிழக்கும் நோய்கள். குழந்தைகளிடம் முக்கியமாகக் காணப்படுபவை டுஷேன் தசைச்சிதைவும் முதுகுத்தண்டு நரம்புத் தசைநலிவும் (எஸ்.எம்.ஏ.).

டுஷேன் ஏறக்குறைய 3,500 முதல் 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. மூன்று, நான்கு வயதில் சிறுவன் அடிக்கடி விழுவான்; படியேறத் திணறுவான். தரையிலிருந்து எழும்போது முழங்காலிலும் தொடையிலும் மாறி மாறிக் கை ஊன்றித் தன் உடம்பின் மேலேயே ஏறுவதுபோல் நிமிர்வான். இதற்கு ‘கவர்ஸ் அறிகுறி’ என்று பெயர். கெண்டைக்கால் பருத்திருப்பதைப் பார்த்து, பிள்ளை திடமாக இருக்கிறான் என்று வீட்டார் நினைப்பதும் உண்டு. இரத்தத்தில் சி.பி.கே. என்ற தசை நொதியின் அளவு பல மடங்கு உயர்ந்திருக்கும். மரபணுச் சோதனை நோயை உறுதிசெய்யும்.

இந்நோய்களுக்கான பழி பெரும்பாலும் சொந்தத்தில் செய்த திருமணத்தின் மேல் விழுகிறது. எஸ்.எம்.ஏ.வுக்கு அது ஓரளவு பொருந்தும்: தாய், தந்தை இருவரும் குறைபாட்டைச் சுமந்தால்தான் பெரும்பாலும் அந்நோய் வரும். டுஷேன் எக்ஸ் குரோமோசோம் வழி வருவது; ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளுக்கு அது புதிய பிறழ்வால் வருகிறது. அங்கே மாமன் மகளைக் கட்டியதைக் குறைசொல்லிப் பயனில்லை.

சிகிச்சைக்கு விழுப்புரம், திண்டிவனம் பகுதியினருக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் புதுச்சேரி ஜிப்மரும் எட்டும் தூரத்தில் உள்ளன. டுஷேனுக்கு ஸ்டீராய்டு மாத்திரை நடக்கும் காலத்தை நீட்டிக்கும். இயன்முறைப் பயிற்சியும் இதய, மூச்சுப் பரிசோதனைகளும் தொடர வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தசைச்சிதைவைக் குறைபாடுகளின் பட்டியலில் சேர்த்தது. இதற்கான தமிழக அரசின் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை 1,500 ரூபாயிலிருந்து 2,000 ஆனது.