ரப்பர் வார் சொன்ன சரித்திரம்

மனிதனுடைய ஆசை விசித்திரமானது. வீட்டில் இருக்கும்போது ஊர் சுற்ற வேண்டும் என்று மனம் துடிக்கிறது. ஊர் சுற்றப் புறப்பட்டாலோ, வீட்டுக் கட்டிலும் வீட்டுக் காபியும் நினைவுக்கு வந்து வாட்டுகின்றன. இந்த இரண்டு ஆசைகளையும் ஒன்றாகவே தீர்த்துக்கொள்ள என் நண்பர் ஒரு வழி கண்டுபிடித்தார். பெரிய வேன் ஒன்றை விலைக்கு வாங்கி, அதற்குள் கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் அமைத்து அதை ஒரு வீடாகவே ஆக்கிவிட்டார். சினிமாக்காரர்கள் இதைக் 'கேரவன்' என்கிறார்கள். நண்பரின் மனைவி 'கூடு' என்கிறார். அதுவே எனக்கும் பிடித்த பெயர்.

அந்தக் கூட்டில் ஏறி, ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் குன்றத்தூருக்குப் போனோம். மலைமேல் இருக்கும் முருகன், திருப்போரூரிலிருந்து திருத்தணிக்குச் செல்லும் வழியில் இங்கே தங்கினார் என்பது ஸ்தல புராணம். பிரயாணிகளுக்கு ஏற்ற தெய்வம்தான்! ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. பெரிய புராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர் இது. சோழ நாட்டுத் திருநாகேச்சரத்தின்மேல் அவர் கொண்டிருந்த பக்தியால், அதே பெயரில் இங்கும் ஒரு கோயில் எழுப்பினார். அவருடைய ஊரிலேயே அவருடைய நூலைப் புரட்டலாம் என்று நான் புத்தகத்தை மடியில் விரித்திருந்தேன். மழை பிடித்துக்கொண்டது. சற்று நேரத்தில், 'சொட்' என்று ஒரு துளி புத்தகத்தின்மேல் விழுந்தது. பிறகு இன்னொரு துளி.

முன் கண்ணாடியைச் சுற்றியிருந்த ரப்பர் தளர்ந்திருந்தது. நகரத்தில் ஒரு பட்டறையில் ஏற்கெனவே இதற்குப் பணம் வாங்கிக்கொண்டு, மேலே ஏதோ பசையைத் தடவி அனுப்பியிருந்தார்கள். பசை உரிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

மழை விட்டதும் கடைத்தெருப் பக்கம் ஒரு மேஸ்திரியைத் தேடிப் பிடித்தோம். முப்பது வயதிருக்கும். நண்பர் வழக்கம்போல, "கொஞ்சம் பசை வைத்து அடைத்துவிடு, தம்பி" என்றார். மேஸ்திரி சிரித்தார். "சார், தண்ணி சொட்டுற இடம் வேற, தண்ணி நுழையற இடம் வேற. சொட்டுற இடத்தை அடைச்சா அது வேற வழியா வரும்" என்றார்.

வைத்தியமும் அப்படித்தான் நடந்தது. அவர் உள்ளே உட்கார்ந்துகொள்ள, உதவிப் பையன் வெளியிலிருந்து குழாயால் தண்ணீர் விட்டான். முதலில் கண்ணாடியின் கீழ் விளிம்பில். பிறகு சிறிது சிறிதாக மேலே. மேலிருந்து ஆரம்பித்தால் வழிந்து வருகிற நீர் எங்கே நுழைந்தது என்று தெரியாதாம். வலது பக்க மேல் மூலைக்குத் தண்ணீர் எட்டியபோது உள்ளே கசிவு தெரிந்தது. சாக்குக் கட்டியால் அங்கே ஓர் அடையாளம் போட்டார். துளி விழுந்ததோ இடது பக்கத்தில்!

கண்ணாடியை மெதுவாகக் கழற்றி எடுத்ததும் நண்பரின் முகம் வாடிவிட்டது. ரப்பர் கவ்விக்கொண்டிருந்த தகட்டு விளிம்பில் துரு ஏறி, தகடு பொரிந்து போயிருந்தது. பசைக்கு அடியில் தேங்கிய நீர் செய்த வேலை அது. துருவைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசிக் காய வைத்தார்கள். புது ரப்பர் வாரைக் கண்ணாடியைச் சுற்றி மாட்டி, அதன் உள் பள்ளத்தில் ஒரு நைலான் கயிற்றைச் சுற்றிலும் பதித்தார்கள். சோப்புத் தண்ணீர் தடவி, வெளியிலிருந்து கண்ணாடியைத் தூக்கி வைத்தான் பையன். மேஸ்திரி உள்ளே நின்று கயிற்றின் நுனியைப் பிடித்து இழுக்க இழுக்க, ரப்பரின் உதடு தகட்டு விளிம்பின்மேல் ஒவ்வோர் அங்குலமாக ஏறி உட்கார்ந்தது. பையன் வெளியே உள்ளங்கையால் தட்டிக்கொண்டே வந்தான். பார்க்க அழகாக இருந்தது.

"இரும்புக்கூடு பள்ளத்தில் முறுக்கிக்கும், சார். கண்ணாடி வளையாது. நடுவுல இந்த ரப்பர்தான் ரெண்டுக்கும் சமாதானம்" என்றார் மேஸ்திரி.

அந்தச் சமாதானத்தின் சரித்திரத்தை அன்றிரவு யோசித்துக்கொண்டிருந்தேன்.

கண்ணாடியின் கதை இன்பமானது. 1903-இல் பிரெஞ்சு ரசாயனி எதுவார் பெனெதிக்தூஸின் கையிலிருந்து ஒரு குடுவை கீழே விழுந்தது என்பார்கள். விரிசல் விட்டதே தவிரச் சிதறவில்லை. உள்ளே முன்பு இருந்த திரவம் காய்ந்து, மெல்லிய சவ்வாக ஒட்டிக்கொண்டிருந்ததுதான் காரணம். மோட்டார் விபத்துக்களில் கண்ணாடிச் சில்லுகள் முகத்தைக் கிழித்துக்கொண்டிருந்த காலம் அது. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு சவ்வை வைத்து அவர் 1909-இல் பேடண்ட் பெற்றார். முதல் உலக யுத்தத்தில் விஷவாயு முகமூடிகளுக்கும், பிறகு மோட்டார்களுக்கும் அது பயன்பட்டது.

ரப்பரின் கதை அவ்வளவு இன்பமானதல்ல. பச்சை ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் நொறுங்கும். கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அது பதப்படும் என்று 1839-இல் கண்டவர் அமெரிக்கர் சார்லஸ் குட்இயர். உலகத்துக்கு உபகாரம் செய்த அந்த மனிதர் 1860-இல் கடனாளியாகவே கண்மூடினார். 1876-இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர், பிரேஸில் காடுகளிலிருந்து ஏறக்குறைய எழுபதாயிரம் ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அவற்றுள் பெரும்பகுதி இலங்கைக்குப் போயிற்று. அடுத்த ஆண்டு இருபத்திரண்டு கன்றுகள் சிங்கப்பூருக்குப் போயின. 1888-இல் டன்லப் காற்றடைத்த டயர் செய்தார். பிறகு மோட்டார்கள் பெருகின. 1910-இல் ரப்பர் விலை வானத்தைத் தொட்டது. மலேயாவில் காடுகளை அழித்து ரப்பர் மரங்களை நட்டார்கள்.

பால் எடுக்க ஆட்கள் வேண்டுமே? அவர்கள் இங்கிருந்துதான் போனார்கள். கங்காணிகள் கிராமம் கிராமமாக வந்து ஆள் சேர்த்தார்கள். மலேயாவுக்குப் போகிறவர்களைக் கப்பலேறும் வரை வைத்திருந்த டிப்போக்கள் இரண்டு. ஒன்று நாகப்பட்டினத்தில், மற்றொன்று ஆவடியில். குன்றத்தூரிலிருந்து ஆவடி எவ்வளவு தூரம்? நண்பருடைய கூடு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும்! அங்கிருந்து புறப்பட்டவர்களில் எத்தனையோ பேர் திரும்பி வரவேயில்லை.

விடியுமுன் பெரட்டுக்கு நின்று, குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும் என்பதற்காக இருட்டோடு இருட்டாக மரத்தைச் சீவப் போவார்கள். அட்டையும் மலேரியாவும் கூடவே இருந்தன. 1938-இல் இந்திய சர்க்கார் இந்த ஆள் அனுப்பும் முறைக்குத் தடை போட்டது. அங்கே தங்கிவிட்டவர்களுக்கு அதைவிடப் பெரிய துன்பம் காத்திருந்தது. 1942, 43-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டபோது, தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரமாய்த் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். காலராவிலும் பட்டினியிலும் மடிந்தவர்களுக்குக் கல்லறைகூட இல்லை. அங்கே செத்த வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. நம்மவர்கள் பெயர் எங்கே இருக்கிறது?

மறுநாள் காலையில் இதையெல்லாம் மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆனா இது மரத்து ரப்பர் இல்ல, சார். மரத்து ரப்பர் வெயில்ல வெடிச்சிடும். இது பெட்ரோலியச் சரக்கு" என்றார்.

உண்மைதான். 1960-களுக்குப் பிறகு இத்தகைய வார்களைச் செயற்கை ரப்பரிலேயே செய்கிறார்கள். நான் ராத்திரி முழுவதும் கட்டிய கோட்டையில் ஒரு கல் உருவப்பட்டது! ஆனால் கோட்டை விழவில்லை. குனிந்து சக்கரங்களைப் பார்த்தேன். பெரிய வண்டிகளின் டயர்களில் இன்றும் மரத்து ரப்பர்தான் நிறைய.

சேக்கிழார் தம் காவியத்தின் தொடக்கத்திலேயே ஒரு வாகன விபத்தைச் சொல்கிறார். இளவரசனின் தேர்க்காலில் ஒரு கன்று மாண்டது. தாய்ப் பசு அரண்மனை மணியை அடித்தது. மகன்மேல் தேரை ஓட்டும்படி மன்னன் ஏவியபோது, மந்திரி அதைச் செய்ய மாட்டாமல் தன் உயிரையே விட்டான். மனுச்சோழன் தானே தேரைச் செலுத்தினான். பாடியவர் தாமே ஒரு சோழ மந்திரி என்பதை நினைத்தால், அந்த மந்திரியைப் பற்றி எழுதுகையில் அவர் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும் என்று தோன்றுகிறது.

நம்முடைய தேர்கள் ஓடுவதற்காக மாண்டவர்கள் எத்தனையோ பேர். அந்தப் பசுவுக்காவது அடிப்பதற்கு ஒரு மணி இருந்தது.

மீண்டும் மழை வந்தது. நண்பர் கண்ணாடியின் வலது மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு துளிகூட உள்ளே வரவில்லை. நான் காய்ந்து சுருங்கிய புத்தகத்தைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து படிக்கலானேன்.