பிழிந்தெடுத்த காபி

கொல்கத்தாவின் ஜாதவ்பூர் காபி ஹவுஸில் பால் விடாத காபிக்கு ‘இன்ஃபியூஷன்’ என்று பெயர். கல்லூரித் தெருவின் பழைய காபி ஹவுஸிலும் அப்படித்தான் கேட்பார்கள். நமக்கோ ‘டிகாக்ஷன்’. இரண்டுமே லத்தீனில் பிறந்து, ஆங்கில மருந்துக்கடை வழியாக வந்தவை. முதலாவது ஊறவைத்த சாறு. இரண்டாவது கொதிக்கவைத்து இறக்கிய கஷாயம். பித்தளை ஃபில்டரில் பொடி கொதிப்பதே இல்லை. வெந்நீர் அதில் ஊறிச் சொட்டுகிறது. சொல்லின்படி பார்த்தால் கொல்கத்தாக்காரர்களின் பெயரே நம் ஃபில்டருக்கும் பொருந்தும்.

வீட்டில் எஸ்பிரஸ்ஸோ போடுகிறவர்களைக் குழப்புவது மூன்றாவது பெயர். இத்தாலியில் ‘எஸ்பிரிமெரே’ என்றால் அழுத்தி வெளியேற்றுவது. அதிலிருந்து வந்த ‘எஸ்பிரஸ்ஸோ’வுக்கு ‘இதற்கென்றே செய்தது’ என்றும், ‘விரைவானது’ என்றும் பொருள் உண்டு. 1901இல் மிலானின் லூயிஜி பெஸ்ஸேரா, கேட்டவருக்குக் கேட்டவுடன் ஒவ்வொரு கோப்பையாக நீராவி அழுத்தத்தில் காபி இறக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். மூன்று பொருளும் ஒரே கோப்பையில் கூடின. மேலே படியும் பொன்னிற நுரை இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் வந்தது. அக்கில்லே காஜியாவின் நெம்புகோல் இயந்திரம், நீராவியால் எட்டமுடியாத அழுத்தத்தைக் கொடுத்தது.

இந்தியாவில் பெயர் இடம் மாறிவிட்டது. கல்யாண வீட்டிலும் ரயில் நிலையத்திலும் இன்ஸ்டன்ட் தூளில் பாலை ஊற்றி, நீராவிக் குழாயால் நுரைக்க வைத்ததை ‘எக்ஸ்பிரஸ்ஸோ’ என்றார்கள். நீராவி தங்கியது, அழுத்திப் பிழிவது போய்விட்டது. தூளையும் சர்க்கரையையும் ஸ்பூனால் அடித்துக் கலந்த காபிக்கும் வீடுகளில் அதே பெயர். அதன் ருசி எனக்கும் பிடிக்கும். ஆனால் அது எஸ்பிரஸ்ஸோ ஆகாது.

பிழிவதையே பானத்துக்குப் பெயராக்குவது தமிழுக்குப் புதிதல்ல. பழந்தமிழில் ‘பிழி’ என்றாலே கள். பிழியும் செயலே பானத்தின் பெயராகிவிட்டது. இத்தாலியர் செய்ததும் அதைத்தான்.

எஸ்பிரஸ்ஸோ என்றால் சுமார் 9 பார் அழுத்தம் வேண்டும். 18 கிராம் பொடியில் 36 கிராம் காபி, 25 முதல் 30 விநாடிக்குள் இறங்க வேண்டும். 1933இல் இத்தாலியில் பியாலெட்டி வெளியிட்ட, அடுப்பில் வைக்கும் மோக்கா பாத்திரம் 1, 2 பாரைத்தான் எட்டும். அதன் பெயர் ஏமன் நாட்டுத் துறைமுகத்திலிருந்து வந்தது. அந்தப் பாத்திரத்தில் காபி இறக்குகிறவர்கள் மோக்கா என்றே சொல்லுங்கள். பொன்னிற நுரை வரவில்லை என்று பொடியை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள்.